லீலாம்மா வீட்டுக் கல்யாண போட்டோவும் என் மூன்றாவது திரையும்

அன்றைக்கு எனக்கு இருந்த வேலை ஒன்றே ஒன்றுதான். கம்ப்யூட்டரில் இருக்கும் கல்யாண போட்டோக்களை டிவியில் காட்ட வேண்டும்.

கல்யாணம் பக்கத்து வீட்டு லீலாம்மாவின் மகளுக்கு. ஆல்பம் வர ரெண்டு மாதம் ஆகும் என்று சொல்லி, போட்டோக்காரர் ஒரு சிடியைக் கொடுத்து அனுப்பிவிட்டார். லீலாம்மா அதை வெற்றிலைத் தட்டில் வைத்து எடுத்து வந்தார்.

"அண்ணே, நாளைக்கு சம்பந்தி வீட்டுக்காரங்க வாராங்க. உங்க டிவில பெருசாத் தெரியுற மாதிரி போட்டுக் காட்டிருவீங்கள்ல?"

"அதுக்கென்னம்மா, காட்டிரலாம்" என்றேன். எனக்கு மாட்டேன் என்று சொல்ல வராது. அதுதான் பிறவிக் கோளாறு.

இது இரண்டாயிரத்துச் சொச்சத்தில் நடந்தது. வில்லாபுரத்தில் ஒரு காம்பவுண்டு. ஆறு வீடு, நடுவில் ஒரு குழாய். நான் வீட்டிலேயே கல்யாணப் பத்திரிகை டைப் அடித்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். கம்ப்யூட்டரை எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. அதனால் நான் செய்த தப்பெல்லாம் என் சொந்தத் தப்பு.

மனைவி போய்ச் சேர்ந்து மூன்று வருஷம் ஆகியிருந்தது. அன்றிலிருந்து தினமும் மத்தியானம் லீலாம்மா கதவைத் தட்டி, ஒரு தூக்குவாளியில் குழம்பு கொடுப்பார். அவர் கணவருக்கு பிரஷர். அதனால் அந்தக் குழம்பில் உப்பு என்பது பேச்சுக்குத்தான்.

"உப்பு சரியா இருந்துச்சாண்ணே?"

"சரியா இருந்துச்சும்மா."

மூன்று வருஷமாக இதே கேள்வி, இதே பதில்.

சரி, வேலைக்கு வருகிறேன். என்னிடம் ஏற்கெனவே ரெண்டு மானிட்டர் இருந்தது. ஒன்று நான் வாங்கியது. இன்னொன்று, இழுத்து மூடிய ஒரு பிரவுசிங் சென்டரிலிருந்து வந்தது. அதில் வெள்ளை எல்லாம் மஞ்சளாகத் தெரியும். பத்திரிகைக்கு மஞ்சள் நல்லதுதானே என்று வைத்துக்கொண்டேன். ரெண்டையும் மாட்டுகிற கார்டு ஒன்றை டவுனில் தேடி வாங்கினேன். கார்டின் பின்னால் டிவிக்கு என்று மூன்றாவதாக ஒரு ஓட்டையும் இருந்தது.

எதிர் வீட்டுப் பாண்டி வேடிக்கை பார்க்க வந்தான். உசிலம்பட்டிப் பக்கத்துக்காரன், டவுன் பஸ் கண்டக்டர்.

"ஒரு ஆளு, ரெண்டு மானிட்டரு. கண்ணுக்கு ஒண்ணா பிரிச்சுக்கிட்டீங்களாண்ணே?"

"இதுல பத்திரிகை, அதுல படம். மௌஸ் அம்பு இதுலருந்து அதுக்கு நடந்து போகும், பாரு."

மௌஸை வலது பக்கம் தள்ளினேன். அம்பு ஓரத்தில் முட்டிக்கொண்டு நின்றது. இடது பக்கம் தள்ளினேன். காணாமல் போய்விட்டது.

"எங்கண்ணே போச்சு?"

"அடுத்த மானிட்டருக்கு."

"அது வலது பக்கமுல்ல இருக்கு? நீங்க இடது பக்கமா ஏத்தி விட்டீங்க. பெரியார் பஸ் ஸ்டாண்டு போற ஆளை எதிர்ப்பக்கம் போற அவனியாபுரம் வண்டில ஏத்துன மாதிரி இருக்கு."

இதைச் சரி செய்ய கம்ப்யூட்டருக்குள் ஒரு இடம் உண்டு. எனக்கு அப்போது அது தெரியாது. நான் மானிட்டர்களைத் தூக்கி இடம் மாற்றி வைத்தேன். அம்பு ஒழுங்காக நடந்தது. பாண்டியை ஒரு பார்வை பார்த்தேன்.

இதில் எது ஒன்றாவது மானிட்டர், எது ரெண்டாவது என்று என் தலைக்குள்ளும் இடம் மாறிப்போனது. அதை நான் கவனிக்கவில்லை.

அடுத்தது டிவி. அது பழைய டிவி. பின்னால் ஆன்டெனா ஓட்டை மட்டும்தான். கம்ப்யூட்டரிலிருந்து நேராகப் போகாது. பரணில் கிடந்த, கேசட் போட்டுப் படம் பார்க்கிற பழைய வீடியோ டெக்கை இறக்கினேன். கம்ப்யூட்டர் டெக்குக்குள் போகும், டெக் டிவிக்குள் போகும். படம் இருக்கிற ரெண்டாவது மானிட்டரில் தெரிவதே டிவியிலும் தெரியும். அதுதான் கணக்கு.

நடுவில் கேபிள் குறுக்கே வந்தது.

எங்கள் காம்பவுண்டுக்கு ஒரே கேபிள் வயர். தெருவிலிருந்து முதலில் என் வீட்டுக்கு வந்து, தீப்பெட்டி மாதிரி ஒரு ஸ்பிளிட்டரில் நுழைந்து, அங்கிருந்து ஆறு வீட்டுக்கும் பிரியும். நான் எதையும் நோண்டாத அமைதியான ஆள் என்று நம்பி, கேபிள்காரர் அதை என் வீட்டுச் சுவரில் மாட்டியிருந்தார்.

வயரில் கை வைக்கப் போனேன். பாண்டி பதறிப்போனான்.

"அண்ணே, புடுங்கிராதீங்க. ஏழரைக்கு சீரியல். அம்புட்டு வீட்டுலயும் உக்காந்துருவாங்க. நின்னுபோச்சுன்னா எங்க வீட்டுல எனக்குச் சோறு கிடையாது."

நியாயமான பேச்சு. யார் சீரியலும் நிற்கக் கூடாது என்ற நல்ல எண்ணத்தில், ஒரு சின்ன ஜாயின்ட்டைப் போட்டு, தெரு வயரையும் டெக் வயரையும் ஒன்றாகச் சேர்த்து ஸ்பிளிட்டருக்குள் விட்டேன். சீரியலும் ஓடும், போட்டோவும் வரும். என் புத்தியை நானே மெச்சிக்கொண்டேன்.

பாண்டி வீட்டுக்குப் போனான். நான் டிவியைப் போட்டேன்.

புள்ளி. வெறும் புள்ளி. எந்தச் சேனலுக்குப் போனாலும் எறும்பு ஊர்கிற மாதிரி புள்ளி.

ஒரு மணி நேரம் டெக்கைத் தட்டினேன், ஊதினேன், அணைத்துப் போட்டேன். ஒன்றும் நடக்கவில்லை. சரி, காலையில் பார்ப்போம் என்று டிவியை அணைத்துவிட்டு, கம்ப்யூட்டரிலேயே மகளுக்குக் கடிதம் எழுத உட்கார்ந்தேன். டெக்கை அணைக்க மறந்துவிட்டேன்.

அந்தக் கடிதம் நாலு நாளாக நெஞ்சில் கிடந்தது. மகள் ஓசூரில் இருக்கிறாள். தனியாக இருந்தது போதும், வீட்டைக் காலி செய்துவிட்டு வாருங்கள், இந்த வாரமே பதில் சொல்லுங்கள் என்று கறாராகச் சொல்லிவிட்டாள். காம்பவுண்டில் யாரிடமும் நான் இதைச் சொல்லவில்லை. போகலாமா, இருக்கலாமா என்று எனக்கே தெரியவில்லை. எழுதிப் பார்த்தால்தான் எனக்கு யோசனையே வரும்.

கண் சரியில்லாததால் எழுத்தை எப்போதும் பெரிதாக வைத்துக்கொள்வேன். ஒவ்வொரு எழுத்தாகக் குத்தினேன்.

'பாண்டி நன்றாக இருக்கிறான். ஆனால் விடிகாலையில் குளிக்கும்போது பாடுகிறான். ஒன்று பாட்டை விட வேண்டும், இல்லை குளிப்பதை விட வேண்டும்.'

எதிர் வீட்டில் குபீரென்று சிரிப்புச் சத்தம். மணி பார்த்தேன். ஏழே முக்கால். சீரியல் நேரம். அந்தச் சீரியலில் ஒன்றரை வருஷமாக அழுகைதான். யாருக்குச் சிரிப்பு வந்தது என்று யோசித்துக்கொண்டே மேலே குத்தினேன்.

'லீலாம்மா குழம்பில் உப்பே இருக்காது. மூன்று வருஷமாக நான் உப்புப் போட்டு மறுபடி கொதிக்க வைத்துத்தான் சாப்பிடுகிறேன்.'

காம்பவுண்டு முழுக்கச் சத்தம் அடங்கிவிட்டது. கரண்ட் போய்விட்டதோ என்று விளக்கைப் பார்த்தேன். எரிந்துகொண்டுதான் இருந்தது.

'சொன்னால் அவர் மனசு நோகும். அனுப்புவதை நிறுத்திவிடுவார். உப்பு என்னிடம் இருக்கிறது. மத்தியானம் கதவைத் தட்டுகிற ஆள் என்னிடம் வேறு இல்லை. அதனால் ஓசூருக்கு'

இந்த இடத்தில் கை நின்றுவிட்டது. வருகிறேன் என்று எழுதுவதா, வரவில்லை என்று எழுதுவதா?

ரெண்டு நிமிஷம் இருக்கும். கதவு தட்டுகிற சத்தம். பாண்டி நின்றான். கையில் சோறு ஒட்டியிருந்தது.

"அண்ணே, ஓசூருக்குப் போறீங்களா, இல்லையா?"

"உனக்கு யாரு சொன்னா?"

"நீங்கதான். பாதில நிப்பாட்டிட்டு உக்காந்திருக்கீங்க. அஞ்சு வீட்டுலயும் காத்துக்கிட்டு இருக்கோம்."

கையைப் பிடித்து அவன் வீட்டுக்கு இழுத்துப் போனான். சீரியல் வர வேண்டிய இடத்தில் என் கடிதம் நின்றது. என் மேசையில் இருந்ததைவிடத் தெளிவாக. 'ஓசூருக்கு' பக்கத்தில் ஒரு கோடு விட்டு விட்டு மின்னிக்கொண்டிருந்தது.

டெக் படம் அனுப்பும் இடமும், கேபிள்காரர் அந்தச் சீரியல் சேனலை வைத்திருந்த இடமும் ஒன்று. ஸ்பிளிட்டர் தன் வேலையைச் சுத்தமாகச் செய்திருக்கிறது. போட்டோவுக்கு என்று நான் நினைத்த மானிட்டருக்குப் பதிலாக, கடித மானிட்டர் போயிருக்கிறது. என் டிவியில் மட்டும் ஏன் வரவில்லை என்பது மறுநாள்தான் தெரிந்தது. அதற்குப் போகும் வயர் பீரோவுக்குப் பின்னால் கழன்று தொங்கிக்கொண்டிருந்தது.

வெளியே வந்தேன். எல்லா வீட்டு வாசலிலும் ஆட்கள் நின்றார்கள். லீலாம்மா தன் கணவரிடம் அவர்கள் வீட்டுப் பாஷையில் ஏதோ சொன்னார். சௌராஷ்டிரம் எனக்குப் புரியாது. உப்பு விஷயம் என்பது மட்டும் புரிந்தது.

"அம்மா, அது வந்து..." என்று ஆரம்பித்தேன். பத்து பேர் முன்னால் பேசி எனக்குப் பழக்கமில்லை.

"உப்பு இருக்கட்டும்ண்ணே" என்றார் லீலாம்மா. "ஓசூருக்கு என்ன?"

வீட்டுக்குள் போனேன். நாற்காலியில் உட்கார்ந்தேன். நின்ற இடத்திலிருந்து ஒவ்வொரு எழுத்தாகக் குத்தினேன்.

'வரவில்லை.'

ஐந்து வீட்டிலிருந்தும் ஒரே நேரத்தில் சத்தம் வந்தது. பாண்டி விசில் அடித்தான். யாரோ, "இந்தா, இப்ப சீரியலை விடுங்க சார்" என்று கத்தினார்கள். டெக்கை அணைத்தேன்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை போட்டோக்காட்சி அமோகம். சம்பந்தி வீட்டார் என் வீட்டில் உட்கார்ந்து பார்த்தார்கள். மற்றவர்கள் அவரவர் வீட்டிலேயே பார்த்துக்கொண்டார்கள். கம்ப்யூட்டரில் இப்படி ஒரு வசதி இருப்பது எப்படித் தெரியும் என்று மாப்பிள்ளையின் அப்பா கேட்டார். "சொந்தமாக் கத்துக்கிட்டது" என்றேன்.

திங்கள்கிழமை மத்தியானம் கதவு தட்டப்படுமா என்று பன்னிரண்டு மணியிலிருந்தே காதைத் தீட்டிக்கொண்டிருந்தேன். ஒரு மணிக்குத் தட்டப்பட்டது.

லீலாம்மா தூக்குவாளியை நீட்டினார். நகரவில்லை. அங்கேயே நின்றார். எனக்கென்று தனியாக ஒரு சட்டியில் வைத்த குழம்பாம். ஒரு வாய் எடுத்து வைத்தேன். மூன்று வருஷத்து உப்பும் அதில் இருந்தது.

"உப்பு எப்படிண்ணே இருக்கு?"

கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. விழுங்கினேன். "சரியா இருக்கும்மா."

"வாயால சொன்னா நம்ப மாட்டேன்" என்றார் லீலாம்மா. "போயி டிவில போடுங்க."