தேதிக்கு இடமில்லாத நோட்டீஸ்

அன்புள்ள தம்பிக்கு,

கடவுள் கிருபையால் இங்கே எல்லாரும் சுகம். நீயும் உன் வீட்டாரும் சுகமாயிருக்க வேண்டும் என்பது என் காலைப் பிரார்த்தனையில் தவறாமல் இருக்கிறது.

நோட்டீஸ் ஒட்டும்போது யார் யார் இருந்தார்கள் என்று எழுதி வைக்கச் சொன்னார் வக்கீல். அதனால் முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். நான், உன் அத்தான், சாட்சிக்கு எதிர்வீட்டு நர்ஸம்மா, பசைக் கிண்ணத்தோடு அத்தானின் ஒன்றுவிட்ட தம்பி (ஒரு வாரம் தங்கி வேலை தேடுகிறேன் என்று வந்து, முன்னறையில் இன்னும் தேடிக்கொண்டிருப்பவர்), கதவு நிலைக்கு மேலே இரண்டு புறா, ஏணியைப் பிடித்துக்கொண்டு நம் மாடியில் வாடகைக்கு இருக்கும் பெயிண்டர் அண்ணன். காலி செய்யச் சொல்லும் நோட்டீஸே அவருக்குத்தான். என்ன செய்வது, ஏணியும் அவருடையதுதான்.

நீ எழுதியபடியே எல்லாம் சட்டப்படிதான் செய்தேன். ரிட்டயராகி வந்து மாடியில் தங்கப் போகிறேன் என்றாயே, அந்தக் காரணத்தையே வக்கீல் எழுதினார். காரணமும் காலி செய்ய வேண்டிய தேதியும் எழுத்தில் இருக்க வேண்டுமாம். அப்படியும் அவர் போகவில்லை என்றால் கோர்ட்டுதான் போகச் சொல்ல வேண்டும், நாமாகப் பூட்டை மாற்றுவதோ சாமானைத் தொடுவதோ தண்ணீரை நிறுத்துவதோ கூடவே கூடாது என்று என்னை இரண்டு தரம் சொல்ல வைத்துக் கேட்டுக்கொண்டார். தண்ணீரை யார் நிறுத்தப் போகிறார்கள் என்று சிரித்துக்கொண்டே வீட்டுக்கு வந்தால், மோட்டார் தானாக நின்றிருந்தது. நோட்டீஸ் கொடுக்கிற வாரம் பார்த்துத் தண்ணீர் நின்றால் எந்த ஜட்ஜ் நம்புவார்? மோட்டார் ரிப்பேராகிற வரைக்கும் உன் அத்தான்தான் குடம் குடமாக மாடிக்குச் சுமந்தார்.

"எதுக்கு மாப்பிள்ளை சிரமம், நான் கீழ வந்து பிடிச்சுக்க மாட்டேனா?" என்றார் பெயிண்டர் அண்ணன்.

"நீங்க பிடிச்சா நான் கோர்ட்டுல பதில் சொல்லணும். பேசாம குளிங்க" என்றார் அத்தான்.

முன்னறைக்காரரைப் பற்றியும் வக்கீலிடம் கேட்டேன். "அவர் வாடகைக்கு இல்லம்மா, உங்க சம்மதத்துல இருக்கார். சம்மதம் இல்லேன்னு சொல்லி, கொஞ்சம் டைம் குடுத்தா போதும்" என்றார். அதை யார் சொல்வது என்று கேட்டதற்கு, அது சட்டத்தில் இல்லை என்று பேனாவை மூடிவிட்டார். புறாவைப் பற்றிக் கேட்க எனக்கு வாய் வரவில்லை.

இதற்குள் மழை பிடித்துக்கொண்டது. நோட்டீஸ் எழுத்தெல்லாம் கரைந்து கதவில் நீலமாக வழிந்தது. பெயிண்டர் அண்ணனுக்குப் பொறுக்கவில்லை. "என் வாசல்ல இப்படி ஒரு எழுத்தா பாப்பா? பாக்கிறவன் என்னைப் பத்தி என்ன நினைப்பான்?" என்றவர், எனக்குக் கொடுத்த நகலைக் கேட்டு வாங்கிப் போய், தகரத்தில் மஞ்சள் அடித்து, சிவப்பு எழுத்துக்குக் கறுப்பு நிழல் போட்டுக் கதவிலேயே மாட்டிவிட்டார். 'காலி செய்து கொடுக்கவும்' என்பதற்குச் சுற்றிலும் பூக்கொடி வேறு. அதைப் பார்த்து பேக்கரிக்காரர் தன் கடைக்கும் ஒரு போர்டு சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்.

எல்லாம் இருக்கிறது, தேதி மட்டும் இல்லை. கேட்டால் இடம் போதவில்லை என்கிறார்.

எனக்கு உன் தகரப் பெட்டி ஞாபகம் வந்துவிட்டது. நீ படிக்கப் போகும்போது, இதே அண்ணன் உன் பெயரை நிழலோடு பெரிதாக எழுதி, ஊர் எழுத இடமில்லாமல் விட்டாரே, அந்தப் பெட்டி. ரயிலில் அனுப்பியது எங்கெங்கோ சுற்றிவிட்டு நம் வாசலுக்கே வந்து நின்றது. அப்பா அவரைத் திட்டத் திட்ட, அம்மா மட்டும் பெட்டியைத் துடைத்து உள்ளே வைத்து, "பெட்டிக்கு வழி தெரிஞ்சிருக்கு. அவனும் வந்துடுவான்" என்றாள். நீ வந்தாய், போனாய். அப்புறம் லீவுக்கு வருவது குறைந்தது. பெட்டி இன்னும் மாடியில்தான், அவர் பிரஷ்கள் அதற்குள்ளேதான். உன் பெயர்மேல் தூசி படிய அவர் விட்டதில்லை.

தேதி இல்லாத நோட்டீஸ் செல்லாது, வேறு எழுதித் தருகிறேன் என்கிறார் வக்கீல். நீ சொன்னால் நாளைக்கே போய் வாங்கி வருகிறேன், இந்தத் தரம் மழையில் நனையாத மாதிரி ஒட்டுகிறேன்.

உனக்கும் பிள்ளைகளுக்கும் ஆண்டவன் நீண்ட ஆயுளும் நல்ல தூக்கமும் தரட்டும்.

இப்படிக்கு,
உன் அக்கா

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்குள் இதுவும் நடந்துவிட்டது. பேக்கரி போர்டுக்குத் தகரம் பிடிக்க ஆள் வேண்டும் என்று பெயிண்டர் அண்ணன் கூப்பிட, முன்னறைக்காரர் மாடிக்குப் போனார். வேலை பிடித்துப்போய்ப் படுக்கையையும் தூக்கிக்கொண்டு அங்கேயே குடியேறிவிட்டார். மாடியைக் காலி செய்யச் சொன்னாய், அங்கே இப்போது இரண்டு பேர். காலியானது முன்னறைதான். கூட்டித் துடைத்து, நீ படுத்த பழைய கட்டிலைப் போட்டு வைத்திருக்கிறேன், ஜன்னலில் காற்று நன்றாக வருகிறது. தேதிக்கு இடம் போதவில்லை என்பதும் பொய். தம்பி வருகிற தேதி தெரியாமல் எழுத வேண்டாம் அண்ணே என்று நான்தான் சொன்னேன். உனக்கு முன்னறை போதுமா, என்றைக்கு வருகிறாய் என்று சீக்கிரம் பதில் எழுது.