மனாசே மனந்திரும்ப எட்டு மாதம்

மெட்டுகுடா, சிகந்தராபாத்
பிப்ரவரி 1936

அன்புத் தங்கை அம்மணிக்கு, உன் அண்ணன் தேவராஜ் ஆண்டவர் கிருபையால் தன் சொந்தக் கையால் எழுதுவது. எழுத்து கோணல்மாணலாக இருப்பதற்கு மன்னிக்கவும். முப்பத்தாறு வருஷம் ஒர்க்‌ஷாப்பில் சம்மட்டி பிடித்த கை. பேனாவை அழுத்தினால் காகிதம் கிழிகிறது, அழுத்தாவிட்டால் மை இறங்க மறுக்கிறது. எனக்குச் சரியாக வராத எழுத்துகள் உள்ள சொற்களை விட்டுவிட்டேன், அதனால் சொல்ல வந்தது சில இடங்களில் சுற்றி வரும். நீயும் உன் மகள் வேதாவும் சுகமாயிருக்க ஜெபிக்கிறேன். இங்கே நானும் உன் அண்ணி கமலமும் சுகம்.

போன ஆனி மாதம் நான் அனுப்பிய கடிதத்தைப் பற்றித்தான் எழுத வந்தேன். அதற்குப் பிறகு தந்தி ஒன்றைத் தவிர நீ ஒரு வரி எழுதவில்லை. எழுதாதது நியாயம். குடித்து, வீட்டை விட்டு ஓடி, ஆறு வருஷம் ரங்கூனில் எவளோடோ இருந்துவிட்டு, ஈரல் கெட்டு உன் வாசலில் வந்து விழுந்த உன் புருஷன் கோவிந்தராஜன், "மச்சானை ஒரு தரம் பாக்கணும்" என்று கேட்கிறார் என நீ எழுதியிருந்தாய். அந்த வாரம் பார்த்து நான் வேதப்புத்தகத்தில் மனாசே ராஜாவிடம் வந்து சேர்ந்திருந்தேன். எனக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்த உபதேசியார் புருஷோத்தமன், ஆதியாகமத்தில் தொடங்கச் சொன்னார். நான் ராஜாக்களில்தான் தொடங்குவேன் என்றேன். அத்தனை போர்மேன்களுக்குக் கீழே இருந்தவனுக்கு ராஜாக்கள் புரியாமல் போவார்களா? எங்கள் சர்வீஸ் புத்தகம் மாதிரியே ஒவ்வொரு ராஜாவுக்கும் ஒரே வரி, ஆண்டவர் பார்வையில் நல்லவன், இல்லாவிட்டால் கெட்டவன், அத்தோடு ஆள் முடிந்தது. மனாசே கோவிலுக்குள்ளேயே விக்கிரகம் வைத்து, பெற்ற பிள்ளையைத் தீயில் கொடுத்து, ஊரெல்லாம் ரத்தம் சிந்தியவன். செத்தான், வீட்டுத் தோட்டத்தில் புதைத்தார்கள். மன்னிப்பு என்று ஒரு சொல் இருக்கிறதா என்று இரண்டு தரம் விரல் வைத்துத் தேடினேன், இல்லை. அன்றே உபதேசியாரை உட்காரவைத்து, "உன் புருஷன் ஒரு மனாசே, ஆண்டவரே மன்னிக்காதவனை நான் வந்து பார்க்கமாட்டேன்" என்று எழுதச் சொல்லி, தபாலில் போடக் கமலத்திடம் கொடுத்தேன். பதினைந்து நாளில் உன் தந்தி வந்தது. சாவுக்கும் நான் வரவில்லை.

படிப்பை மட்டும் விடவில்லை. மூன்று நான்கு நாளைக்கு ஓர் அதிகாரம், அதுதான் என் வேகம். ராஜாக்கள் முடிந்து நாளாகமம் வந்தது. அதில் ஆதாம் தொடங்கி ஒன்பது அதிகாரம் வெறும் பெயர்கள், அம்மணி. கமலம் அரிசி புடைத்துக்கொண்டே, "கதை எப்பத்தான் வரும்?" என்பாள். "இன்னும் ஆள் எடுத்துக்கிட்டுத்தான் இருக்காங்க" என்பேன். மழை முழுக்கத் தாவீது, குளிர் வரும்போது சாலொமோன், போன வாரம் மறுபடி அதே மனாசே. தெரிந்தவன்தானே என்று வேகமாகப் போனேன். பார்த்தால் அவனைச் சங்கிலி போட்டுப் பாபிலோனுக்கு இழுத்துப் போகிறார்கள். அங்கே அவன் தன்னைத் தாழ்த்தி மன்றாடுகிறான். ஆண்டவர் கேட்கிறார். கேட்டு, ஊருக்கே திருப்பி அனுப்புகிறார். முன்புத்தகத்தில் இதில் ஒரு வார்த்தை கிடையாது.

வாசலுக்கு வந்து சிரித்தேன், அழுதேன். எதிர்வீட்டு காசிம் பாய், "கைக்கு ரோரே சாச்சா?" என்று, ஏன் அழுகிறாய் எனக் கேட்டார். "ராஜாவுக்கு மன்னிப்புக் கிடைச்சிடுச்சு, பாய்" என்றேன். நாட்டை ஆளும் ராஜாவைச் சொல்கிறேன் என்று நினைத்து அவர் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, "ராஜா பேச்சு தெருவுல நக்கோ, வேணாம் சாச்சா, உள்ளே போ" என்று தன் கதவைச் சாத்திக்கொண்டார். நான் உள்ளே போகாமல், ஒரு காலில் செருப்பு இல்லாமல், உபதேசியார் வீட்டுக்குப் போனேன். அவர் பாதி சவரத்தில் இருந்தார்.

"ரெண்டு புத்தகத்துல ரெண்டு விதமா இருக்கே, எதைய்யா நம்புறது?"

"ரெண்டையும்தான், அண்ணே. முதல்ல எழுதினவரு, ஊர் ஏன் பாழாச்சுன்னு சொல்லணும். அதுக்கு ஒரு ஆள்மேல பழி வேணும். அடுத்தவரு, பாபிலோன் சிறையிருப்புலேர்ந்து திரும்பி வந்த சனங்களுக்கு எழுதுறாரு. கதவு திறந்திருக்குன்னு அவங்களுக்குச் சொல்லணும்."

"இது உமக்கு முன்னாடியே தெரியுமா?"

"தெரியும்."

"அப்ப ஆனி மாசம் ஏன் சொல்லலை?"

"நீங்க எங்கே கேட்டீங்க? சொல்லச் சொல்ல எழுதுன்னீங்க. நான் மூணு தரம் பேனாவைக் கீழே வெச்சேன், மூணு தரமும் எடுத்துக் கையில குடுத்தீங்க."

மெய்தான், கொடுத்தேன். மெதுவாகப் படித்த ஒருவன் அவசரமாகத் தீர்ப்புச் சொல்லிவிட்டான், அம்மணி. அந்தக் கடிதத்தை நீ அவர் படுக்கைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து படித்திருப்பாய். உன் குரலில் என் வார்த்தைகளைக் கேட்டுக்கொண்டுதானே அவர் கண்ணை மூடியிருப்பார். முடிந்தால் என்னை மன்னி. முடியாவிட்டால் ஒன்றும் எழுதாத கார்டு ஒன்றை அனுப்பு, நீ இருக்கிறாய் என்றாவது தெரிந்துகொள்கிறேன். வேதாவுக்கு மனாசே ஆண்ட ஐம்பத்தைந்து வருஷமும், நல்லவனாக இருந்தும் முப்பத்தொன்பது வயதில் அம்பு பட்டுச் செத்த அவன் பேரன் யோசியாவின் குணமும் சேர்ந்து கிடைக்கட்டும்.

உன் அண்ணன்,
தேவராஜ்

பின்குறிப்பு: மேலே உள்ளதைக் கமலத்துக்குப் படித்துக் காட்டினேன். முறத்தைக் கீழே வைத்துவிட்டு, "அந்தக் கடுதாசியை நான் தபால்ல போடவே இல்லை" என்றாள். துணிப்பெட்டிக்கு அடியிலிருந்து எடுத்தும் காட்டினாள். "எட்டு மாசமா ஏண்டி சொல்லலை?" என்றேன். "சொன்னா நீங்க இன்னொண்ணு எழுதச் சொல்லியிருப்பீங்க" என்றாள். ஆகவே எந்தக் கடிதத்துக்காக மேலே மன்னிப்புக் கேட்டேனோ, அது உனக்கு வரவே இல்லை. என் பழிச்சொல்லை உன் புருஷன் கேட்கவில்லை என்று முதலில் எழுந்து குதித்தேன். பிறகு உட்கார்ந்துவிட்டேன். என்னிடமிருந்து எந்தச் சொல்லையுமே அவர் கேட்கவில்லை. பதினைந்து நாளும் தபால்காரர் வரும் நேரத்துக்கு வாசலைப் பார்த்தபடி கிடந்திருப்பார். நீ கோபத்தில் எழுதவில்லை என்று நினைத்திருந்தேன். நீயோ என் பதிலுக்குக் காத்திருந்து காத்திருந்து, எழுதுவதையே விட்டிருக்கிறாய். இதைத் திருத்தி எழுத இன்னும் ஐந்து நாளாகும், அதனால் இப்படியே அனுப்புகிறேன், தபாலில் நானே போடுகிறேன். அடுத்த வாரம் மறுபடி எழுதுவேன். அதில் ராஜா யாரும் வரமாட்டார். கோவிந்தராஜன் மட்டும்.