வளவனூர்க்காரர்கள் தாம்பூலம் வாங்காமல் போன விவரம்

ஓமந்தூர்
9-6-1963

சிரஞ்சீவி செல்வி கிருஷ்ணவேணிக்கு அப்பா அப்பாதுரை அநேக ஆசீர்வாதங்களுடன் எழுதுவது. இங்கு நானும் உன் அம்மாவும் மாடுகளும் சுகம். அங்கு நீயும், கிருமி இருக்கிறதா என்று நீ சோதிக்கிற குளுக்கோஸ் பாட்டில்களும் சுகமாயிருக்கப் பெருமாளை வேண்டுகிறேன்.

இதைக் கண்டதும் உன் வேலையை ராஜினாமா செய்துவிடவும். கோபப்படாமல் காரணத்தைக் கேள். நேற்று வளவனூரிலிருந்து உன்னைக் கேட்டு வந்தார்கள். பையன் விழுப்புரத்தில் ரயில்வே கிளார்க்கு, சாந்தமான முகம். பெண்ணுக்கு மெட்ராஸில் என்ன வேலை என்று பையனின் அம்மா விசாரித்தார். மருந்துக் கம்பெனியில் வேலை என்று சொல்லி நிறுத்தியிருக்கலாம். என் வாய் நிற்குமா? போன மாசம் நான் வந்தப்போ கண்ணாடித் தட்டுல கஞ்சி உறைஞ்சாப்பல இருந்த ஒண்ணுல என் கட்டைவிரலை அழுத்தச் சொன்னியே, அடுத்த நாள் பார்த்தா அதுல மஞ்சளும் வெள்ளையுமா புள்ளி புள்ளியா முளைச்சிருந்துச்சே, அந்தக் கதையை எடுத்துவிட்டேன். "எம் பொண்ணு கிருமி வளக்கறதுல கெட்டிக்காரிங்க, எங் கையிலேர்ந்தே ஒரு ஊரை முளைக்க வெச்சிட்டா" என்று பெருமையாகச் சொல்லி, அதே கையால் தாம்பூலத் தட்டை நீட்டினேன். அந்தம்மா தட்டைப் பார்த்தார், என் விரலைப் பார்த்தார், தன் கையைப் புடவைத் தலைப்புக்குள் இழுத்துக்கொண்டார். நான் கிணத்தடிக்கு ஓடி, சீயக்காய் போட்டுத் தேய்ச்சிட்டு வர்றதுக்குள்ள எல்லாரும் பஸ்ஸுக்குக் கிளம்பிட்டாங்க. கேசரியை யாரும் தொடக்கூட இல்லை. வீணாக்கக் கூடாதுன்னு உங்கம்மா இன்னிக்கும் அதையே தின்னுக்கினு இருக்கா.

பொண்ணு வேலையை விட்டா மேற்கொண்டு பேசலாம்னு தரகர் பச்சைமுத்து மூலமா சொல்லி அனுப்பிச்சிருக்காங்க. உன் படிப்பை நினைச்சா எனக்கு நெஞ்சு நிமிருதும்மா. ஆனா எனக்கப்புறம் நீ தனியா நிப்பியேன்னு பயமாவும் இருக்கு. அதனாலதான் சொல்றேன், விட்டுடு.

நேரத்துக்குச் சாப்பிடு, எண்ணெய் தேய்த்துக் குளி. உன் அம்மாவின் ஆசீர்வாதமும் இதில் சேர்த்தி.

இப்படிக்கு,
அப்பா

பி.கு.: இதைத் தபாலில் போடுமுன் உன் அம்மாவுக்கு வாந்திபேதி கண்டுவிட்டது. பயப்படாதே, இப்போது கஞ்சி குடித்துவிட்டுத் தூங்குகிறாள். திண்டிவனம் ஆஸ்பத்திரியில் குளுக்கோஸ் ஏற்ற வேண்டும் என்று பாட்டிலைக் கொண்டுவந்தார்கள். ஊசி என்றாலே ஊரைக் கூட்டுகிறவள், கண்ணைத் திறந்து, "எம் பொண்ணு பாத்து அனுப்பிச்சதுதானே, போடுங்க" என்று கையை நீட்டிவிட்டாள். அதை நீதான் பார்த்தாயோ, வேறு யார் பெற்ற பிள்ளை பார்த்ததோ. எனக்கு அழுகை வந்துவிட்டது. வேறு இன்லண்டு கவர் கைவசம் இல்லாததால் இதையே அனுப்புகிறேன்; மேலே எழுதியதை விட்டுவிடு. வளவனூருக்கு நானே போய் வேறு பெண் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிடுகிறேன். ராஜினாமா செய்யாதே, கிருஷ்ணவேணி. உன்னை நம்பிக் கையை நீட்டிக்கொண்டு இன்னும் எத்தனையோ பேர் படுத்திருக்கிறார்கள்.