ஒன்பது வருட விண்ணப்பம்

“அஞ்சு மணிக்குள்ள நகலைக் காட்டுங்க, உங்க மாறுதலுக்குக் கையெழுத்துப் போட்டுடறேன். அப்புறம் என்னைக் குத்தம் சொல்லக்கூடாது” என்று சொல்லிவிட்டு, தணிக்கைக்கு வந்த மேலதிகாரி காப்பி குடிக்கப் போனார்.

காட்ட வேண்டியது ஒரே ஒரு காகிதம். ஆவண அறை எழுத்தர் ஒன்பது வருடத்துக்கு முன் கொடுத்த இடமாறுதல் விண்ணப்பம். மனைவியும் மகளும் வேறு ஊரில். மாதம் ஒருமுறை வந்து போகிற அவரை மகள் ‘விருந்தாளி அப்பா’ என்றுதான் கூப்பிடுவாள். முதலில் சிரிப்பு வந்தது. இப்போது வருவதில்லை.

வருடா வருடம் நினைவூட்டலும் எழுதிப் பார்த்தார். ஒன்றுக்கும் பதிலைக் காணோம்.

அந்த அறையில் அவருக்கு முன்னால் மூன்று பேர் குப்பை கொட்டியிருந்தார்கள். முதல் ஆள் தேதி வாரியாக அடுக்கினார். அடுத்தவர் மீதியை அகர வரிசையில் அடுக்கினார். மூன்றாமவர் அவசரத்துக்குச் சிவப்பு நாடா, மற்றதற்கு வெள்ளை நாடா என்று கட்டினார். வெள்ளை தீர்ந்ததும் எல்லாமே அவசரமாகிவிட்டது. நம்மவர் எண் போட்டார். மேலிடத்துத் தபால் நேராக அவரிடம்தான் வரும். எதையும் படிக்க மாட்டார். எண்ணைப் பார்த்து, ‘பார்த்தேன், கோப்பில் சேர்க்க’ என்று எழுதிக் கையெழுத்திட்டு, கட்டுக்குள் செருகிவிடுவார். நாளுக்கு இருநூறு காகிதம் வந்தால் மனிதன் படித்து மாளுமா?

மணி மூன்று. பதிவேட்டைத் தேடினார். அந்த வருடத்துப் பதிவேட்டுக்கும் ஓர் எண் போட்டு உள்ளே வைத்திருந்தார். அந்த எண் அதே பதிவேட்டுக்குள் இருந்தது.

சரி, தேதி அலமாரியைப் பார்ப்போம் என்று ஒரு காகிதக் கட்டைப் பிடித்து இழுத்தார். அது வரவில்லை. பலமாக இழுத்தார். அலமாரியே வந்து அகர வரிசையின் மேல் சாய்ந்தது.

“அடிபட்டுச்சா சார்?” என்று பியூன் ஓடிவந்தார். போன வாரம்தான் இந்த அலுவலகத்துக்கு வந்தவர். பொட்டலம் கட்டிய காகிதத்தைக்கூட விடாமல் படிக்கிறவர்.

“எனக்கில்லய்யா. நாலு பேரோட உழைப்புக்கு. எல்லாத்தையும் தரையில பரப்பு, நம்பர் வாரியா அடுக்கிடலாம்.”

ஒரு மணி நேரம் குனிந்து அடுக்கினார்கள். எழுத்தருக்கு இடுப்பு விட்டுப்போயிற்று. வியர்த்துக் கொட்டுகிறாரே என்ற நல்லெண்ணத்தில் பியூன் மின்விசிறியைப் போட்டார்.

எல்லாம் பறந்து ஓய்ந்தபின், எழுத்தர் காகிதக் குவியலில் பொத்தென்று உட்கார்ந்தார். மணி நாலே முக்கால். கைப்பேசி அடித்தது. மனைவி.

“என்னங்க, கெடச்சுதா?”

“தேடிட்டிருக்கேன்.”

“ஒன்பது வருஷமா இதையேதான் சொல்றீங்க” என்று வைத்துவிட்டாள். கோபித்திருந்தால்கூடத் தேவலை. அவள் குரலிலும் வெறும் அலுப்புதான் இருந்தது.

பியூன் மூலையில் நின்று எதையோ வாயசைத்துப் படித்துக்கொண்டிருந்தார்.

“யோவ், படிக்கவா சம்பளம் தர்றாங்க? நம்பரைப் பாரு, கீழ வை!”

“கொஞ்சம் இருங்க சார், இதுல உங்க பேர் இருக்கு.”

“விண்ணப்பமா?” எழுத்தர் தட்டுத்தடுமாறி எழுந்தார்.

பியூன் கையிலிருந்த காகிதங்களை இன்னொரு முறை புரட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

“விண்ணப்பம் இல்ல சார், பதிலுங்க, மொத்தம் எட்டு: முதல் பதில்ல உங்களுக்கு மாறுதல் கொடுத்தாச்சுன்னு போட்டிருக்கு, மத்த ஏழுலயும் ஏன் இன்னும் போய்ச் சேரலன்னு கேட்டிருக்காங்க, எட்டுலயும் ‘பார்த்தேன், கோப்பில் சேர்க்க’ன்னு உங்க கையெழுத்து இருக்கு.”