சம்பந்தி கொண்டுபோன மிளகு வாசம்

டுசல்டோர்ஃப்,
மாசி மாதம்.

பாரிசில இருக்கும் என் அன்புத் தம்பி விஜயரத்தினத்துக்கு அக்கா எழுதிக்கொள்வது. நீயும் மச்சாளும் பிள்ளைகளும் நல்லூரான் அருளால சுகமாய் இருப்பியள். நானும் சுகம் எண்டு எழுதுறதுதான் முறை. ஆனால் சுகமில்லை. வருத்தம் உடம்பில இல்லை, சம்பந்தியில.

என்ர பேரன் சேயோன் இங்க வைன் கடை வைச்சிருக்கிறது உனக்குத் தெரியும். போன ஞாயிறு மகள் வீட்டுச் சாப்பாட்டுக்கு, பிரான்சின்ர தெற்குப் பக்கத்துச் சிவப்பு வைன் ஒரு போத்தல் கொண்டுவந்து எல்லாருக்கும் வார்த்து, என்ன மணக்குது சொல்லுங்கோ எண்டான். அவன்ர தகப்பன், மருமகன் நிஷாந்தன் முன்னால நான் குடிக்கிறதோ? கிளாஸ் கழுவப் போறன் எண்ட சாட்டில குசினிக்குக் கொண்டுபோய், கதவுக்குப் பின்னால நிண்டு மணந்து ஒரு மிடறு குடிச்சுப் பார்த்தன். தம்பி, அது ஒரு வகை முந்திரிகைப்பழத்தில செய்ததில்லை, மூண்டு வகை சேர்த்தது. ஒண்டு கனிஞ்ச பிளம் பழத்தின்ர இனிப்பு, ஒண்டு அப்பத்தான் வறுத்த மிளகு, மற்றது புதுச் செருப்புத் தோல், அதோட கொஞ்சம் புகை. அடியில வெயிலில காய்ஞ்ச பத்தைச் செடியின்ர மணம். விழுங்கின பிறகு நாவற்பழம் திண்ட மாதிரி நாக்கில கயர். நாங்கள் கறித்தூளுக்கு மல்லி, செத்தல் மிளகாய், சரக்கு அளவு பார்க்கிற மாதிரித்தான் அவங்களும் பார்த்திருக்கிறாங்கள். ஒண்டு கூடினால் மற்றது செத்துப்போகும். வாய் சும்மா கிடக்காமல் இதையெல்லாம், அங்க வெங்காயம் உரிச்சுக்கொண்டு நிண்ட நிஷாந்தன்ர தாய் சிவகௌரிக்குச் சொல்லிப்போட்டன்.

அவள் கையைத் துடைச்சுக்கொண்டு ஹோலுக்குப் போய், மிளகு, தோல், நாவற்பழம் எண்டு ஒண்டும் விடாமல் ஒப்புவிச்சாள். "அப்பம்மா, உங்களுக்கு இப்பிடி ஒரு மூக்கோ?" எண்டு சேயோன் ஓடிவந்து கட்டிப்பிடிச்சான். அவள் வெக்கப்பட்டுச் சிரிக்கிறாள். என்ர மகளைப் பொம்பிளை பார்க்க வந்த அண்டு என்ர பாயாசம் தண்ணி எண்டு சொன்னதும் அந்த வாய்தான். நான் மறக்கிற ஆளோ?

இப்ப கடையில அந்தப் போத்தலுக்குக் கீழ, 'ஓமா சிவகௌரி சொல்றா' எண்டு டொச் பாசையில எழுதின மட்டை தொங்குது. ஓமா எண்டால் இந்த ஊர்ப் பாசையில பாட்டி. சனம் வாசிச்சு வாசிச்சு வாங்குது. அதையும் பொறுப்பன். அடுத்த கிழமை சேயோன் இந்த வைன் கலக்கிற இடத்துக்குக் காரில போறானாம். பெட்டியள் ஏத்த வேணுமாம், கூட ஒரு ஆளுக்குத்தான் இடமாம், அப்பம்மாவைக் கூட்டிக்கொண்டு போறானாம். பக்கத்தில நிண்டு கடுகு கருகினாலும் தெரியாத மூக்கு அவளுக்கு. நான் வாய் திறந்தால் மருமகன் வீட்டில ஒளிச்சுக் குடிச்ச கதையும் வெளிய வரும். நீதான் சேயோனுக்கு டெலிபோன் எடுத்து, மூக்கு அம்மம்மாவுக்குத்தான் எண்டு பக்குவமாய்ச் சொல்ல வேணும். குடிச்ச கதை வேண்டாம்.

மச்சாளின்ர முழங்கால் சுகப்பட்டு, பிள்ளைகள் நல்லாய் வந்து, உங்கட வாசலுக்கு ஒரு நாளும் ஒரு சிவகௌரி சம்பந்தியாய் வராமல் இருக்க ஆசீர்வதிக்கும்,
உன் அக்கா கண்மணி.

பி.கு.: கடிதத்தை ஒட்ட முதல் சிவகௌரி என்ர மகள் குடும்பத்தோட இங்க வந்திட்டுப் போறாள். எல்லாருக்கும் முன்னால, "மணந்து பிடிச்சது சம்பந்தியம்மா, நான் சொன்னது மட்டும்தான். சேயோன், அவவைக் கூட்டிக்கொண்டு போ" எண்டிட்டாள். நான் குசினியில குடிச்சதையும் சேர்த்துத்தான் சொன்னாள். மருமகன் சிரிச்சுப்போட்டு எனக்கொரு கிளாஸ் வார்த்துத் தந்தார். அதனால நீ சேயோனுக்கு ஒண்டும் சொல்லாதை, நான்தான் போறன். ஆனால் பார் தம்பி, நல்லவள் எண்ட பேரையும் அவளே கொண்டுபோயிட்டாள்.