உச்சியில் வேகம் சுழி

"என்னை உள்ள வெச்சுப் பூட்டிட்டுப் போயிட்டீங்களே, மனுஷனா நீங்க!"

மூன்றாவது மாடி பால்கனியிலிருந்து மனைவி போட்ட சத்தத்தில் தெருவே அண்ணாந்து பார்த்தது. போன் வந்ததும் பாதி வழியில் ஸ்கூட்டரைத் திருப்பிக்கொண்டு ஓடி வந்த பிசிக்ஸ் வாத்தியார் கீழே நின்று தலையைச் சொறிந்தார். பழக்க தோஷம், வெளியே வந்ததும் கை தானாகப் பூட்டிவிட்டது. மனைவி கணக்கு டீச்சர். தலைமையாசிரியை பதவிக்கு இன்று பத்து மணிக்கு நேர்காணல். பல வருஷம் காத்துக் கிடந்து வந்த வாய்ப்பு. டாக்ஸி வேறு வாசலில் உறுமிக்கொண்டிருந்தது.

லிஃப்ட் ரிப்பேர். வாத்தியாருக்கோ முழங்கால் வலி.

"சாவியைக் குடுங்க சார், ஒரே ஓட்டத்துல போயிட்டு வந்துடறேன்" என்றார் தரைத்தள வீட்டு பி.டி. மாஸ்டர்.

வாத்தியாருக்குச் சுருக்கென்றது. விளையாட்டு விழா என்று சொல்லி பிசிக்ஸ் வகுப்பையெல்லாம் விழுங்குகிற ஆள் இவர். "ஃபார்முலா ஒரு பந்தைப் பிடிக்குமா?" என்று ஆசிரியர் அறையில் கேட்டுச் சிரித்தவர். இவர் தயவிலா தன் வீட்டுக் கதவு திறக்க வேண்டும்? செத்தாலும் நடக்காது!

"வேண்டாம். சாவியே மேல போகும்."

"எப்படி, சிறகு முளைச்சா?"

"உச்சியில வேகம் சுழி. சரியா எறிஞ்சா அவ கைக்கு நேரா போய் ஒரு கணம் நிக்கும். பூப்பறிக்கிற மாதிரி எடுத்துக்கலாம்."

"உங்க கையில என்ன ஸ்பீடாமீட்டரா இருக்கு?"

"கடிகாரம் இருக்கு. ஒன்பது மீட்டர் ஏறி இறங்க ரெண்டே முக்கால் நொடி. புவியீர்ப்பு முடுக்கம் மாறவே மாறாது மாஸ்டர், உங்க டைம்டேபிள் மாதிரி இல்ல!"

கூழாங்கல்லைத் தூக்கிப் போட்டு, கடிகாரத்தைப் பார்த்துக் கையைப் பழக்கிக்கொண்டார். பிறகு சாவியை எறிந்தார்.

மனைவியின் விரலுக்கு ஒரு முழம் கீழே மரியாதையாக நின்ற சாவி, திரும்பி வரும் வழியில் முதல் மாடி சன்ஷேடில் உட்கார்ந்துகொண்டது.

"கைப்பிடிச் சுவரைக் கூட்டலையா?" கோபமெல்லாம் போய் மனைவி முழு கணக்கு டீச்சராகிவிட்டாள்.

"நீ குனிவேன்னு நினைச்சேன்."

"கணக்குல நினைக்கிறதுன்னு ஒரு ஸ்டெப் இருக்கா?"

கொடிக்கழியால் தட்டியதில் சாவி இறங்கியது. கூடவே முதல் மாடிக்காரரின் பூந்தொட்டியும் இறங்கியது. அவர் திட்டத் தொடங்குவதற்குள் வாத்தியார் பல்லைக் கடித்துக்கொண்டு மறுபடியும் எறிந்தார். இந்த முறை சாவி மனைவியைத் தாண்டிப் போய், நான்காவது மாடி பல்பை உடைத்துவிட்டு, நேராக பி.டி. மாஸ்டரின் மண்டையில் இறங்கியது.

"ஐயோ! கொலையே பண்ணிடுவீங்க போலிருக்கே!"

"மேல போனதுக்குத்தான் நான் பொறுப்பு. கீழ வந்ததுக்குப் புவியீர்ப்பைக் கேளுங்க."

"போதும் சார், நான் ஓடறேன்."

"ஒரு படி ஏறினாலும் உங்களுக்கும் எனக்கும் ஜென்மப் பகை!"

முதல் மாடியும் நான்காவது மாடியும் சேர்ந்து கத்தின. டாக்ஸிக்காரர் ஹாரனை அழுத்தினார். தெருவில் பாதி "விடாதீங்க சார்" என்றது, மீதி போலீஸைக் கூப்பிடலாமா என்று யோசித்தது.

"நேரமாச்சுங்க! ரெண்டுக்கும் சராசரி எடுங்க!" என்று கத்தினாள் மனைவி.

வாத்தியார் கண்ணை மூடி மூச்சை இழுத்துப் பிடித்து எறிந்தார். சாவி ஏறியது, தயங்கியது, மனைவியின் மூக்குக்கு எதிரே அசையாமல் நின்றது. அவள் இரண்டு விரலால் எடுத்துக்கொண்டாள்.

தெருவே கைதட்டியது. பி.டி. மாஸ்டரே வந்து கையைப் பிடித்துக் குலுக்கினார். "ஒத்துக்கறேன் சார்."

"இனிமே என் பீரியட்ல கை வெச்சீங்க, தெரியும் சேதி!" வாத்தியார் காலரை இழுத்து விட்டுக்கொண்டார். மேலே மனைவி சாவியைக் கோப்பை மாதிரி தூக்கிக் காட்டினாள்.

கூச்சல் கேட்டு, வாசல் பக்கமும் ஒரு நடை போய்ப் பார்த்துவிட்டு, பக்கத்து ஃபிளாட் அம்மா தன் பால்கனிக்கு வந்தார்.

"சாவி கிடைச்சது சரி டீச்சர், பூட்டு கதவுக்கு வெளிப்பக்கம்ல தொங்குது?"