கழுவிப் போட்ட தீவனம்

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

அத்தையின் ஆசிகள். நீங்களும் என் மகளும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நானும் நலம், கோழிகளும் நலம். இந்த இரண்டாவது நலத்தை எழுத முடியாமல்தான் கடிதம் இத்தனை நாள் தாமதமாயிற்று.

உங்கள் ஆலையிலிருந்து அன்போடு அனுப்பிய உடைத்த மக்காச்சோள மூட்டையைப் பிரித்ததும் ஒரே தூசி. குறை சொல்லவில்லை, நடந்ததைச் சொல்கிறேன். நான் கன்னியாஸ்திரீகளிடம் படித்தவள். நகத்தைக் காட்டாவிட்டால் எங்களுக்குச் சாப்பாட்டுத் தட்டே வராது. அப்படி வளர்ந்தவள் கோழிக்குத் தூசியைப் போடுவேனா? மூன்று தண்ணீர் விட்டு அலசினேன், வெயில் இல்லாததால் கூடத்தில் விரித்து மின்விசிறியைப் போட்டேன், கைக்குக் காய்ந்த மாதிரி இருந்தது, எலி வரக்கூடாதே என்று பெரிய தகர டப்பாவில் கொட்டி அழுத்தி மூடினேன். இதில் எந்த இடத்தில் தப்பு என்று என் மனசு இன்னும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறது.

பிறகு ஒரு நாள் டப்பாவைத் திறந்தால் மழையில் நனைந்த செருப்பு மாதிரி வாடை, சோளத்தின் மேல் பச்சையாக ஒரு படலம். அழுக்கு என்று நினைத்து மறுபடியும் அலசினேன். கோழிகள் ஒரு கொத்துக் கொத்திவிட்டு நகர்ந்தன, இறகைச் சிலிர்த்துக்கொண்டு மூலையில் உட்கார்ந்தன, முட்டை குறைந்தது, வந்த முட்டையும் எடுக்கும்போதே கையில் உடைந்தது. மெலிந்து போகிறதுகளே என்று மனசு கேட்காமல், விரட்டிப் பிடித்து ஆளுக்கு ஒரு கை கூடுதலாக ஊட்டினேன். எங்கள் பள்ளித் தலைமைக் கன்னியாஸ்திரீ மாதிரி எப்போதும் முன்னால் நடக்கும் வெள்ளைக்கோழியை நான் மதர் என்று கூப்பிடுவது உங்களுக்குத் தெரியும். அவள் கொண்டை வெளுத்து, கால் மடங்கி, கூண்டு வாசலிலேயே படுத்துவிட்டாள். அந்தப் பதற்றத்தில்தான் மகளுக்குப் போன் போட்டு, "உன் வீட்டுக்காரர் தீவனம் அனுப்பலைடி, விஷம் அனுப்பியிருக்கார்" என்று கத்தினேன். அவள் ஸ்பீக்கரில் போட்டிருந்ததும், நீங்கள் ஆலை ஆட்களோடு உட்கார்ந்திருந்ததும் எனக்கு எப்படித் தெரியும்? நீங்கள் எதிர்த்து ஒரு வார்த்தை பேசாமல், "சரிங்க அத்தை, டாக்டரை அனுப்பறேன்" என்றீர்களே, அதுதான் என்னைத் தூங்க விடவில்லை.

கால்நடை டாக்டர் வந்து மதரைத் தூக்கிப் பார்த்தார். டப்பாவைத் திறந்தார். மூக்கைப் பொத்திக்கொண்டார்.

"யாரும்மா இதைக் கழுவினது?"

"நான்தான். ஏன், நீங்க எதையும் கழுவாமதான் சாப்பிடுவீங்களா?"

"கழுவின கையோட சாப்பிட்டுடுவேம்மா. டப்பால போட்டு ஊற வைக்க மாட்டேன்."

ஈரத்தோடு மூடியதால் பூஞ்சை பிடித்ததாம், அந்தப் பூஞ்சை தன் பங்குக்குச் சோளத்தில் நஞ்சை இறக்கிவிட்டதாம், அது கோழியின் ஈரலைத்தான் முதலில் பதம் பார்க்குமாம்.

"அப்ப நல்லா வேக வச்சுப் போடட்டுமா?"

"வேக வச்சாலும் போகாது, காய வச்சாலும் போகாது, நீங்க சோப்புப் போட்டாலும் போகாது. குழி தோண்டிப் புதைச்சுடுங்க. நான் சொல்ற வரைக்கும் முட்டையையும் தொடாதீங்க."

சோப்பு விஷயத்தை அவரிடம் யார் சொன்னார்கள் என்று தெரியவில்லை.

புதைத்தேன். கடையில் காய்ந்த சோளம் வாங்கி, மருந்தும் கொடுத்து, வாரக்கணக்கில் மதர் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். மற்றவை ஒவ்வொன்றாகத் தேறின, அவள் மட்டும் அசையவில்லை. இன்று காலை கூண்டைத் திறந்தால், எழுந்து வந்து என் காலில் ஓங்கி ஒரு கொத்துக் கொத்திவிட்டு, எல்லாருக்கும் முன்னால் நடந்து போனாள்! போனவள் முட்டையும் இட்டாள். முட்டையை மேஜையில் தட்டினேன், உடையாமல் டொக் என்றது. இந்த வயதில் கொல்லையில் நின்று கைதட்டிக் குதித்தேன். பக்கத்து வீட்டுத் தையல்காரர் எட்டிப் பார்த்து, "என்னங்க, பேரன் பொறந்துட்டானா?" என்றார். "இல்லைங்க, மதர் முட்டை போட்டுட்டாங்க" என்றேன். மனிதர் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

ஆகவே, உங்கள் தீவனத்தில் எந்தக் குற்றமும் இல்லை. ஆலை ஆட்கள் அத்தனை பேரையும் உட்கார வைத்து இந்தக் கடிதத்தைச் சத்தமாகப் படித்துக் காட்டுங்கள். என் உயிர் உள்ளவரை இனித் தீவனத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் படாது.

உங்கள் குடும்பமும் ஆலையும் ஈரலும் செழிக்க வாழ்த்தும்,
அத்தை

பி.கு.: இதைச் சத்தமாகப் படிக்க வேண்டாம். நீங்கள் அனுப்பிய புது மூட்டை இப்போதுதான் வந்து இறங்கியது. தீவனத்தை நான் தொடவே இல்லை. சாக்குதான் பார்க்கச் சகிக்கவில்லை, அதை மட்டும் சோப்புப் போட்டுத் துவைத்தேன். மூட்டையைப் பிரிக்காமல்தான். இன்னொரு மூட்டை அனுப்புங்கள், சுத்தமான சாக்காகப் பார்த்து.